அசையாத தண்டவாளத்துக்குள் 50 டன் அழுத்தம்: விசைகள் சமநிலையில் இருந்தும் பொருள்கள் உருமாறுவது ஏன்?

புது தில்லி:

கோடை நண்பகலில் வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் ரயில் தண்டவாளம் அசைவதில்லை. அதன் மீது செயல்படும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, அவற்றின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாக இருப்பதே அதற்குக் காரணம். ஆனால் அதே வேளையில் அந்த எஃகுக்குள் ஏறத்தாழ 50 டன் எடைக்கு நிகரான அழுத்தம் தேங்கியிருக்கக்கூடும். குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால், நேராக இருந்த தண்டவாளம் சில நொடிகளில் பக்கவாட்டில் வளைந்து நெளிந்துவிடும். அந்த நேரத்தில் அதன் மீது ரயில் வந்தால் தடம் புரளும் அபாயம் உண்டு.

விசைகள் சமநிலையில் இருந்தால் பொருளுக்கு எதுவும் நேராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதில் பாதி மட்டுமே சரி. சமன் செய்யப்பட்ட விசைகளால் பொருளை நகர்த்த இயலாது. ஆனால் அதை அமுக்கவும், நீட்டவும், வளைக்கவும், உடைக்கவும் இயலும். இந்திய ரயில்வேயின் பாதைப் பராமரிப்பு விதிகளில் பலவும் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டவை.

நகர்வு வேறு, உருமாற்றம் வேறு

கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சம வலிமையுடன் இழுப்பதாகக் கொள்வோம். கயிறு எந்தப் பக்கமும் நகர்வதில்லை. அதன் மீதான தொகுபயன் விசை பூஜ்ஜியம். ஆனால் கயிறு தளர்ந்து கிடப்பதில்லை, விறைத்து நிற்கிறது. அணிகள் மேலும் வலுவாக இழுத்தால், அப்போதும் சமநிலை குலையாமலேயே, கயிறு அறுந்துவிடக்கூடும்.

ஒவ்வோர் அணியும் 500 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுத்தால் கயிற்றில் உள்ள இழுவிசை எவ்வளவு? பூஜ்ஜியம் என்று சிலரும், 1,000 கிலோ என்று சிலரும் கூறுவதுண்டு. இரண்டும் தவறு. சரியான விடை 500 கிலோ. கயிற்றின் நடுவே ஓரிடத்தில் வெட்டுவதாகக் கற்பனை செய்தால் இது புலப்படும். இடப்பக்கத் துண்டை 500 கிலோ விசையுடன் ஓர் அணி இழுக்கிறது. அந்தத் துண்டு நகராமல் நிற்க வேண்டுமானால், வெட்டிய முகத்தில் வலப்பக்கத் துண்டு அதே 500 கிலோ விசையுடன் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டினாலும் இதுவே விடை.

ஒரு பொருள் முழுமையாக எந்தத் திசையில் முடுக்கம் பெறும் என்பதைத் தொகுபயன் விசை தீர்மானிக்கிறது. அந்தப் பொருள் என்ன வடிவம் கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: விசைகள் எந்தெந்த இடங்களில் செயல்படுகின்றன, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொருளின் ஊடாக எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதே அது. இரு முனைகளிலும் உள்நோக்கித் தள்ளினால் பொருள் அமுங்கும். வெளிநோக்கி இழுத்தால் நீளும். இரு நேர்வுகளிலும் கூட்டுத்தொகை பூஜ்ஜியமே. விளைவுகளோ நேர் எதிரானவை.

இவ்வாறு ஒரு சதுர அலகுப் பரப்பின் வழியாகக் கடத்தப்படும் உள்விசை 'தகைவு' எனப்படுகிறது. அதனால் ஏற்படும் உருமாற்றத்தின் விகிதம் 'திரிபு'. விசைக்கு ஏற்ற விகிதத்தில் பொருள் நீளும் என்ற விதியை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டு வெளியிட்டார். பொருளின் உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் செயல்படும் தகைவைக் கணித முறையில் வரையறுக்கும் கருத்தை 1822-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் அகஸ்டின் கோஷி முன்வைத்தார்.

இடைவெளிகள் மறைந்தது எப்படி?

ரயில் பயணத்தில் ஒரு காலத்தில் இடைவிடாது கேட்ட 'தடக் தடக்' ஒலி தண்டவாள இணைப்புகளிலிருந்து எழுந்தது. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டு, அவற்றுக்கிடையே சிறிய இடைவெளி விடப்பட்டிருந்தது. வெப்பத்தில் எஃகு விரிவடையும் என்பதே அதற்குக் காரணம். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும்.

ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் மோதுவதால் தண்டவாளத்தின் முனைகள் தேய்ந்தன. பராமரிப்புச் செலவும் கூடியது. வேகத்துக்கும் அது தடையாக இருந்தது. எனவே தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒரே தொடராக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ள பிலாய் எஃகு ஆலை தற்போது 260 மீட்டர் நீளமுள்ள பற்றவைக்கப்பட்ட தண்டவாளங்களை வழங்குகிறது. அவை பாதையில் மேலும் பற்றவைக்கப்பட்டுப் பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்கின்றன.

ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் தடையின்றி விரிவடைய முடிந்தால், 40 டிகிரி வெப்ப உயர்வில் சுமார் 46 சென்டிமீட்டர் நீள வேண்டும். ஆனால் அது நீளுவதில்லை. ஒவ்வொரு கான்கிரீட் ஸ்லீப்பரிலும் எஃகு கிளிப்புகள் தண்டவாளத்தை இறுகப் பிடித்திருக்கின்றன. ஸ்லீப்பர்களை ஜல்லிக் கற்கள் பற்றியிருக்கின்றன. தொடர் தண்டவாளத்தின் இரு முனைகளில் மட்டும், விரிவாக்க இணைப்புகளை ஒட்டிய ஏறத்தாழ 100 மீட்டர் பகுதி முன்னும் பின்னும் சிறிது நகர்கிறது. அப்பகுதியில் ஒவ்வொரு ஸ்லீப்பரும் தரும் எதிர்ப்பு சிறுகச் சிறுகச் சேர்கிறது. அதற்கு உட்புறம் உள்ள நீண்ட நடுப்பகுதி முழுவதும் அசைவற்று நிற்கிறது.

நீளாமல் நிற்பதும் ஒரு சுருக்கமே

இங்கே ஒரு கேள்வி எழலாம். தண்டவாளத்தின் நீளம் மாறவே இல்லையெனில் அதற்குள் விசை எங்கிருந்து வருகிறது?

சூடான எஃகு இயல்பாகக் கொள்ள வேண்டிய நீளம் ஒன்று உண்டு. அந்த நீளத்தை அடைய விடாமல் தடுப்பது, முதலில் நீள விட்டுப் பின்னர் பழைய அளவுக்கு அமுக்குவதற்குச் சமம். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும் தண்டவாளம் அமுக்கப்பட்ட நிலையிலேயே உள்ளது. அதன் ஒவ்வொரு பகுதியையும் இருபுறமும் உள்ள பகுதிகள் சம அளவில் நெருக்குகின்றன. விசைகள் சமம் என்பதால் நகர்வு இல்லை. நெருக்கம் மட்டும் எஞ்சுகிறது.

இந்த விசையின் அளவைக் கணக்கிடலாம். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே முக்கிய வழித்தடங்களில் பயன்படுத்தப்படுகிறது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 77 சதுர சென்டிமீட்டர். எஃகின் விரிவுக் கெழுவையும் மீட்சிக் குணகத்தையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்கு ஒரு தண்டவாளத்தில் ஏறத்தாழ 1.9 டன் விசை உருவாகிறது. 25 டிகிரி உயர்ந்தால் அது சுமார் 47 டன். ஏறத்தாழ 10 யானைகளின் எடை இது.

தண்டவாளத்தின் நீளம் இந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு கிலோமீட்டராக இருந்தாலும் 10 கிலோமீட்டராக இருந்தாலும், அசையாத நடுப்பகுதியில் உள்ள விசை ஒன்றே. நீளம் பத்து மடங்கானால், கொள்ள வேண்டிய விரிவும் பத்து மடங்காகிறது. ஆனால் ஒவ்வொரு மீட்டருக்கும் உரிய சுருக்கம் மாறுவதில்லை. இந்த உண்மையே மிக நீண்ட பற்றவைப்புத் தண்டவாளங்களைச் சாத்தியமாக்கியது.

எஃகு நொறுங்குவதில்லை; பின் ஏன் ஆபத்து?

25 டிகிரி உயர்வில் தோன்றும் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 60 நியூட்டன். தண்டவாள எஃகு அறுந்துபோகும் இழுதகைவோ சதுர மில்லிமீட்டருக்கு 880 நியூட்டன் அளவில் உள்ளது. அதாவது, இந்த வெப்ப விசையால் எஃகு நசுங்கிவிடும் என்ற அச்சமே இல்லை. ஆபத்து வேறு வடிவில் வருகிறது.

மெல்லிய நீண்ட குச்சி ஒன்றை இரு முனைகளிலும் அமுக்கினால், அது நொறுங்குவதற்கு வெகு முன்பே நடுவில் வளைந்துவிடும். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தார். குறிப்பிட்ட அளவு வரை குச்சி நேராகவே இருக்கும். அதைத் தாண்டியதும், நேராக இருப்பது கணக்களவில் சமநிலையே என்றாலும், நிலையற்ற சமநிலையாகிவிடுகிறது. குன்றின் உச்சியில் நிற்கும் பந்தைப் போன்ற நிலை அது. சிறு அசைவு போதும், பந்து உருண்டுவிடும்.

தண்டவாளத்துக்கும் இதே விதி பொருந்தும். அது பக்கவாட்டில் வளையாமல் தடுப்பவை ஸ்லீப்பர்களைச் சுற்றியுள்ள ஜல்லிக் கற்கள். குறிப்பாக, ஸ்லீப்பர் முனைகளுக்கு வெளியே தோள் போலக் குவிக்கப்பட்ட கற்கள் முக்கியமானவை. அந்தக் கற்கள் சரிந்திருந்தாலோ, பாதையில் ஏற்கெனவே சிறிய கோணல் இருந்தாலோ, கிளிப்புகள் தளர்ந்திருந்தாலோ வளைவதற்கான எல்லை வெகுவாகக் குறைந்துவிடும். கடந்து செல்லும் ரயிலின் அதிர்வே இறுதித் தூண்டுதலாக அமையக்கூடும். வளைந்த தண்டவாளத்துக்குக் கூடுதல் நீளம் கிடைத்துவிடுவதால் உள்ளே தேங்கிய அழுத்தம் தணிகிறது. ஆனால் பாதை ரயில் செல்லத் தகுதியற்றதாகிவிடுகிறது.

எந்த வெப்பநிலையில் பொருத்துவது?

வெயிலில் கிடக்கும் தண்டவாளத்தின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையை விட 15 முதல் 20 டிகிரி வரை கூடுதலாக இருக்கக்கூடும். ராஜஸ்தான் மாநிலம் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே மாநிலத்தின் சூரு பகுதியில் கோடையில் 50 டிகிரியைத் தொடும் வெப்பம், குளிர்காலத்தில் சில நாள்களில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்குகிறது.

தண்டவாளம் ஓராண்டில் சந்திக்கும் வெப்பநிலை வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு நாடு 4 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் மண்டலத்தில் இந்த வேறுபாடு 40 முதல் 50 டிகிரி வரை. நான்காவது மண்டலத்தில் 70 டிகிரிக்கும் மேல். லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு மற்றும் தர நிர்ணய அமைப்பு தண்டவாளப் பாதைகளுக்கான தொழில்நுட்ப வரையறைகளை வகுக்கிறது.

தண்டவாளத்துக்குள் எந்த விசையும் இல்லாத வெப்பநிலை ஒன்றை ஒவ்வொரு பகுதிக்கும் தேர்ந்தெடுப்பதே இதில் முதன்மையான முடிவு. பொதுவாக அந்தப் பகுதியின் சராசரித் தண்டவாள வெப்பநிலையை விடச் சற்றுக் கூடுதலாக இது அமைகிறது. இதற்காக கிளிப்புகள் அனைத்தும் கழற்றப்பட்டு, தண்டவாளம் உருளைகள் மீது ஏற்றப்பட்டு, தடையின்றி விரிவடையவோ சுருங்கவோ விடப்படுகிறது. அதன் பின்னரே மீண்டும் பொருத்தப்படுகிறது. அந்த நேரத்தில் வெப்பநிலை குறைவாக இருந்தால், ஹைட்ராலிக் கருவியால் தண்டவாளத்தை வேண்டிய அளவு இழுத்துப் பற்றவைப்பதும் உண்டு.

பிரிட்டனில் இந்த வெப்பநிலை 27 டிகிரியாக வைக்கப்பட்டுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி அந்நாட்டில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைக் கடந்தபோது, முக்கிய ரயில் வழித்தடங்களில் சேவை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 40 டிகிரி என்பது வழக்கமான கோடை நாள். எஃகின் தன்மை இரு நாடுகளிலும் ஒன்றே. பொருத்தப்பட்ட வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே வேறுபாடு. வெயில் அதிகம் படும் சில இடங்களில் தண்டவாளத்தின் பக்கங்களில் வெள்ளை வண்ணம் பூசி, 5 முதல் 10 டிகிரி வரை வெப்பத்தைக் குறைக்கும் முறையும் பிரிட்டனில் உள்ளது.

குளிர்கால இரவின் இழுவிசை

கோடைக்கு ஏற்ப வெப்பநிலையை உயர்த்தி வைத்தால் குளிர்காலத்தில் அதற்கான விலையைத் தர வேண்டும். 40 டிகிரியில் விசையின்றிப் பொருத்தப்பட்ட தண்டவாளம், ஜனவரி மாத அதிகாலையில் 5 டிகிரிக்குக் குளிர்ந்தால், சுருங்க முயன்று இயலாமல் சுமார் 65 டன் இழுவிசையுடன் விறைத்து நிற்கும். இப்போதும் தொகுபயன் விசை பூஜ்ஜியமே.

இழுபடும் எஃகு வளைவதில்லை. விரிசல் இருந்தால் உடையும். பற்றவைப்பு இடங்களிலோ தண்டவாளத்தின் உட்புறத்திலோ இருக்கும் நுண்ணிய விரிசல் இந்த இழுவிசையில் வளர்ந்து, இறுதியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து இடைவெளி விழும். இத்தகைய விரிசல்களை முன்கூட்டியே கண்டறிய மீயொலிக் கருவிகளைக் கொண்டு தண்டவாளங்கள் சோதிக்கப்படுகின்றன.

தண்டவாள வெப்பநிலை பொருத்தப்பட்ட அளவை விட 20 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் கோடை ரோந்தும், 30 டிகிரிக்கும் கீழே இறங்கினால் குளிர்கால ரோந்தும் மேற்கொள்ளப்பட வேண்டும் என்பது நீண்ட தண்டவாளங்களுக்கான பராமரிப்பு விதி. நண்பகல் வெயிலிலும் பனி மூடிய அதிகாலையிலும் பாதை நெடுகிலும் நடந்து செல்லும் கீமேன்களும் டிராக்மேன்களும், வெளியே தெரியாத இந்த விசையின் முதல் அறிகுறிகளைத் தேடுகின்றனர். சிறு கோணல், நகர்ந்த ஸ்லீப்பர், தளர்ந்த கிளிப், சரிந்த ஜல்லி ஆகியவை அந்த அறிகுறிகள். ஜல்லியைக் கலைக்கும் பராமரிப்புப் பணிகளுக்கு வெப்பநிலை வரம்பு இருப்பதும், அப்பணி முடிந்த இடங்களில் கற்கள் மீண்டும் இறுகும் வரை ரயில்கள் மெதுவாக இயக்கப்படுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எதிரியே துணையாகும் இடம்

அதே பாதையில், சமநிலை விசை வேண்டுமென்றே உருவாக்கப்படும் இடமும் உண்டு. தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் அதற்கு எடுத்துக்காட்டு. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். எனவே வலிமை மிக்க எஃகுக் கம்பிகளை முதலில் இழுத்துப் பிடித்து, அவற்றைச் சுற்றி கான்கிரீட் வார்க்கப்படுகிறது. அது இறுகிய பின் கம்பிகள் விடுவிக்கப்படுகின்றன.

கம்பிகள் சுருங்க முயல்கின்றன; கான்கிரீட் தடுக்கிறது. கம்பியில் இழுவிசையும் கான்கிரீட்டில் அமுக்கமும் சம அளவில் நிலைபெறுகின்றன. வெளியிலிருந்து எந்த விசையும் செயல்படாத போதும் ஸ்லீப்பர் உள்ளுக்குள் நெருக்குண்டே இருக்கிறது. அதன் நீளமும் மிகச் சிறிதளவு குறைகிறது. ரயில் கடக்கும்போது ஏற்படும் இழுவிசை முதலில் இந்த நெருக்கத்தைத் தணிக்கவே செலவாவதால் விரிசல் தவிர்க்கப்படுகிறது. ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப்பும் அவ்வாறே: வளைத்துப் பொருத்தப்பட்ட அது, மீண்டும் நிமிர முயல்வதாலேயே தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கிறது.

கடலடியில் இதே கேள்வி

நிலத்தில் மட்டுமன்றி ஆழ்கடலிலும் பொறியாளர்கள் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வரும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி, 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 600 கிலோ எடைக்கு நிகரான நீரழுத்தம் செயல்படும்.

இந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் கலம் எந்தப் பக்கமும் தள்ளப்படுவதில்லை. ஆனால் அனைத்துப் பக்கங்களிலிருந்தும் நெருக்கப்படுகிறது. அதனால்தான் பயணிகள் அமரும் அறை 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியம் உலோகக் கலவைக் கோளமாக வடிவமைக்கப்பட்டது. கோள வடிவம் நெருக்கத்தைச் சுவர் முழுவதும் சீராகப் பகிர்கிறது. எங்காவது வடிவம் சிறிது பிசகினால், கோணலான தண்டவாளத்தைப் போலவே அந்த இடம் பலவீனமாகிவிடும். அட்லாண்டிக் கடலில் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'டைட்டன்' நீர்மூழ்கி இத்தகைய நெருக்கத்தில் உட்புறமாக நொறுங்கியதில் அதில் இருந்த 5 பேரும் உயிரிழந்தனர்.

ஓய்வில் உள்ள பொருள் என்று கூறும்போது அது நகரவில்லை என்பது மட்டுமே உறுதியாகிறது. அதற்குள் விசை இல்லை என்று பொருள் கொள்ள இயலாது. ஒரு தண்டவாளம் பாதுகாப்பாக உள்ளதா என்பதை அதன் அசைவின்மை காட்டுவதில்லை. அது எந்த வெப்பநிலையில் பொருத்தப்பட்டது, இப்போது எவ்வளவு விலகியுள்ளது, அதைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ஜல்லி போதுமான அளவு உள்ளதா ஆகிய மூன்று கேள்விகளுக்கான விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன.